செவலைக்குப் போடாத பச்சைப்புல்

செவ்வாய்க்கிழமை, இரவு இஷா தொழுதுவிட்டு எழுதுகிறேன்.

காலையில் என் செவலைப் பசு கன்று போட்டது. கன்றுக்கு உயிர் இல்லை.

விதைப்புக்கு முன்னால் ஊர் மாடுகளைக் காட்டுப் பக்கம் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போனார்கள். செவலை சினை. வெயிலில் நடக்க வேண்டாம் என்று நான்தான் வீட்டு வளவில் கட்டினேன். பச்சை தின்றால் வயிறு கழியும், கன்றுக்கு ஆகாது என்று வைக்கோலும் தவிடும் மட்டும் போட்டேன். ஒருநாள் மனைவி ஆமினா வேலியில் இலை ஒடித்து வந்தாள்.

"இஞ்சருங்க, ஒரு பிடி திண்டா என்ன? மாட்டுக்கும் நோன்பா?" என்றாள். சிரித்தபடி வாங்கி எறிந்தேன்.

இன்று கல்முனையிலிருந்து மாட்டு டொக்டர் வந்தார். என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார்:

"காக்கா, வெயிலும் சினையும் சேர்ந்தா உடம்புக்குள்ள துருப் பிடிக்கிற மாதிரி ஒண்டு நடக்கும். அதைத் தடுக்கிற சத்து பச்சையிலதான் கூட இருக்கு. வைக்கோல் காயக்குள்ளயே அது போயிரும். இதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்."

தாய்க்கு ஊசி போட்டார். கொடுக்க வேண்டியதைத் துண்டுத் தாளில் எழுதித் தந்தார். "பச்சைப்புல்" என்று நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். போன வருஷம் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது; இந்த வருஷம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். அந்த நேரத்திலும் மனம் துள்ளியது. வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் வாய்க்கால் ஓரம் புல் அறுத்து வந்து நீட்டினேன். செவலை முகத்தைத் திருப்பி, கன்றைப் புதைத்த பக்கம் பார்த்து நின்றது.

ஆமினா அதே புல்லை வாங்கி நீட்டினாள். தின்றது.