வாசலில் போட்ட நாற்காலி

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

நலமா? அத்தானின் முதுகுவலி தேவலையா? போன வாரம் போனில், "என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டாய். சளி என்றேன். சளி இல்லை. போனில் சொன்னால் நீ ஒரு கணம் பேசாமல் இருப்பாய். அந்தக் கணத்தை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பாவைக் கொஞ்ச நாள் நீ வைத்துக்கொள்கிறாயா?

எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன், அடிக்கவில்லை. உன்னிடம் போய் இதைக் கேட்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து நீ வெறுங்கையோடு வந்தபோது பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தவள் நான். ஆனாலும் உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

என் கைகளை என்னால் நம்ப முடியவில்லை, அக்கா. அவளைக் குளிப்பாட்ட உட்கார்ந்தால், 'இப்போது கையை எடுத்துவிட்டால்?' என்று ஒரு நினைப்பு வருகிறது. நானாக நினைப்பதில்லை, அதுவாக வருகிறது. இப்போதெல்லாம் குளிப்பாட்டுவது உன் மாப்பிள்ளைதான். "நான் ஊத்தினாத்தான் சிரிக்கிறா பாரு" என்று அவருக்கு ஒரே பெருமை. கத்திகளைப் பரண்மேல் போட்டுவிட்டேன். பால்கனிக் கதவுக்குக் குறுக்கே சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டிருக்கிறேன். கேட்டதற்கு எலி வருகிறது என்று சொன்னேன். மூன்றாவது மாடிக்கு எலி! லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, "ஏன், லிஃப்ட்ல ஏறி வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எம்.எஸ்ஸி. படித்தவள், சொந்தக் குழந்தையைக் கண்டு நடுங்குகிறேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

உன்,
வாலு


ஜூன் 9

என் அருமை வாலுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் கடிதத்தைப் பல்செட் செய்கிற பட்டறையில் வைத்தே படித்தேன். கையில் யாரோ ஒரு தாத்தாவின் பல்செட். அதை அச்சு எடுக்கிற மாவுக்குள் தவறவிட்டு, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதற்கா இவ்வளவு தயக்கம்? நீ தூங்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. அவ்வளவுதான் விஷயம். சின்ன வயதில் கிணற்றை எட்டிப் பார்க்கவே பயந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தானே நீ? கண்டதையும் யோசிக்காதே.

லீவு சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் வந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நடு அறையிலிருந்த அத்தானின் பழைய சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துப்போட்டு, சுவருக்கு இளமஞ்சள் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். முதுகுவலிக்காரர் ஏணியில் நிற்கிறார்! பாட்டில் பால் குடிக்க இப்போதே கொஞ்சம் பழக்கி வை. வலது பக்கம் படுக்க வைத்தால்தான் தூங்குவாளா, இடது பக்கமா? எல்லாவற்றையும் விவரமாக எழுது.

இன்னொன்று. வெளியில் யாரிடமும் வாயைத் திறக்காதே. டாக்டர் கீக்டர் என்றும் போய் நிற்காதே. ஒரு முறை அந்தப் பெயர் வந்துவிட்டால் அப்புறம் எந்தச் சோப்புப் போட்டாலும் போகாது. உனக்கு என்னடி வந்தது? நான் இருக்கிறேன்.

பாப்பாவுக்குப் பெரியம்மாவின் முத்தங்கள்.

உன் அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. இடது பக்கம்தான். வலது பக்கம் போட்டால் முறைப்பாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. நீ வருவதை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா?

தடுப்பூசி போடப் போனபோது, எடை பார்க்கும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். 'புதிதாகத் தாயானவர்கள் சந்திப்பு. புதன் மதியம், நூலகம் மேல்மாடி. அழுதாலும் வரலாம், அழாவிட்டாலும் வரலாம்.' நான் படிப்பதை எடை பார்க்கிற பெண் கவனித்துவிட்டாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னவோ எழுதுகிற மாதிரி இருந்தாள். அப்படித் திரும்பிக்கொண்டதாலேயே அங்கே போகத் தோன்றியது.

வீட்டில் தையல் வகுப்பு என்று சொன்னேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மேல்மாடி வரை போய்விட்டேன், உள்ளே போகக் கால் வரவில்லை. திறந்த கதவை ஒட்டி வெளியே ஒரு நாற்காலி கிடந்தது. நடத்துகிற நர்ஸம்மா எழுந்து வந்து, "இது உங்க நாற்காலி. உள்ள வந்துதான் ஆகணும்னு இல்ல. கதவை மட்டும் சாத்த மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அது அங்கே வழக்கமாம். புதிதாக வருகிறவர் வெளியே உட்கார்ந்து கேட்கலாம். எப்போது மனசு வருகிறதோ, அப்போது அவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகலாம். யாரும் கூப்பிட மாட்டார்கள், திரும்பியும் பார்க்க மாட்டார்கள். உள்ளே இருப்பதெல்லாம் சிறுவர் பகுதியின் குட்டி நாற்காலிகள். பெரிய பெரிய பெண்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். என் நாற்காலி ஒன்றுதான் ஒழுங்கான அளவு. அதிலேயும் எனக்கு வெட்கம்.

இரண்டு புதன்களும் வெளியேதான். படியேறி வருகிற யாராவது தெரிந்தவர்களாக இருந்துவிட்டால் என்று முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன், திருடி மாதிரி. ஆனால் கேட்டேன், அக்கா. உள்ளே ஒருத்தி சொன்னது அப்படியே என் வாயிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

இன்னும் சில வாரம் பொறுத்துக்கொள்.

உன்,
வாலு


ஜூன் 26

அன்புள்ள தங்கைக்கு,

தள்ளிப்போடச் சொல்கிறாய். சரி. முதலாளியிடம் மறுபடியும் பல்லைக் காட்ட வேண்டும். அதுதானே என் தொழில்.

தொட்டில் நேற்று வந்து இறங்கியது. அத்தான் வண்டிக்காரரோடு சேர்ந்து தூக்கி வந்து, நடு அறையில் ஜன்னலுக்கு எதிரே போட்டார். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல செய்தியா?" என்று கேட்டார். தங்கை குழந்தை என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

முன்பின் தெரியாதவர்கள் கூடி உட்கார்ந்து அழுதால் எல்லாம் சரியாகிவிடுமா? என்னிடம் சொல்லக் கூசியதை அவர்களிடம் சொல்லப் போகிறாயா? உன் இஷ்டம்.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்கா,

நாற்காலியை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அன்றைக்குப் பாப்பா உள்ளே பார்த்து 'ஆ ஆ' என்று கத்த ஆரம்பித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரும் திரும்பவில்லை. நான் ஒரு கையில் அவளையும் இன்னொரு கையில் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனேன். அப்புறம் சொன்னேன். பால்கனி, தண்ணீர், கத்தி, எல்லாம். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். முடித்ததும் யாராவது என் மடியிலிருந்து பாப்பாவைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றே நினைத்தேன்.

யாரும் எழுந்து வரவில்லை. அப்புறம் ஒரு பேங்க் காசாளர் சொன்னாள்: "உங்களுக்குப் பால்கனியா? எனக்கு மாடிப்படி. குழந்தையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவேன். மூணு புடவை பின்பக்கம் தேஞ்சு போச்சு."

பக்கத்திலிருந்த பஸ் கண்டக்டர், "அதான் நீங்க எப்பவும் லேட்டா!" என்றாள். நான் சிரித்தேன், அக்கா. சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. கண்டக்டர் பாப்பாவை நோக்கிக் கையை நீட்டி, "தரீங்களா? கேட்டுத்தான் வாங்குவேன்" என்றாள். கொடுத்தேன். முகம் கழுவிக்கொண்டு வரும்வரை பாப்பா அவள் விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸம்மா தனியாகக் கூப்பிட்டு, "பேசுறது நல்லது, ஆனா அது மட்டும் போதாது. டாக்டரையும் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். போனேன். நீ வேண்டாம் என்றாய், தெரியும். அந்த நினைப்பைக் கண்டு பயந்து மேஜையை இழுத்துப் போடுகிறவள் குழந்தையைக் காப்பாற்றத்தான் பார்க்கிறாள் என்றார் டாக்டர். இதற்கு ஒரு பெயரும் இருக்கிறதாம், நிறையப் பேருக்கு வருமாம். பால் கொடுக்கிறவர்களுக்குச் சரிப்பட்டு வரும் மாத்திரை ஒன்று கொடுத்திருக்கிறார். உடனே எல்லாம் போய்விடவில்லை. வருகிறது. வந்தால், 'வந்துட்டியா' என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இதில் ஒரு கூத்து. சனிக்கிழமை உன் மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து, மூன்று மாடியும் படியேறி, ஒரு பழைய தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கென்று பார்த்து லிஃப்ட் ஓடவில்லை. "வகுப்புல மட்டும் தைச்சா எப்படிப் பழகும்? வீட்லயும் தைக்கணும்ல" என்றார். அந்த வேர்வை முகத்தைப் பார்த்ததும் நான் கூனிக் குறுகிப் போனேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மிஷின் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பால்கனிக் கதவுக்குக் குறுக்கே கிடந்த மேஜையைப் பார்த்துவிட்டு, "அப்ப எலி?" என்று கேட்டார்.

"எலியும் இல்லீங்க."

"பொறி வேற வாங்கி வச்சிருக்கேன்" என்றார். பிறகு எழுந்து வந்து என் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார், நான் பயந்துகொண்டிருந்த அதே கைகளை. "மேஜையை எடுக்கலாம்னு உனக்கு எப்பத் தோணுதோ, அப்பச் சொல்லு. சேர்ந்து எடுப்போம்."

மேஜை இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நேற்று பாப்பாவை நான் குளிப்பாட்டினேன். அவர் கதவுக்கு வெளியே நின்று கண்டபடி பாடிக்கொண்டிருந்தார்.

இதுவரை வளவளவென்று எழுதியதெல்லாம் இப்போது எழுதப்போவதைத் தள்ளிப்போடத்தான். அக்கா, பாப்பாவை என்னால் அனுப்ப முடியாது. ஒரு பாத்திரத்தை இரவல் தருகிற மாதிரி பிள்ளையைத் தருகிறேன் என்று எழுதி, உன்னைச் சுவருக்குச் சாயம் அடிக்க வைத்து, தொட்டில் வாங்க வைத்துவிட்டு இப்போது இல்லை என்கிறேன். உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? திட்டு. ஆனால் பேசாமல் இருந்துவிடாதே. லீவு போட்டுவிட்டு இங்கே வா. கீழ் ஈறு வெளுத்திருக்கிறது. பல் முளைக்கப் போகிறது போல.

உன்,
வாலு


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

பதில் வரவில்லை. போன் செய்தால் அத்தான் எடுக்கிறார். "குளிச்சுக்கிட்டு இருக்காம்மா" என்கிறார். காலையிலும் குளிக்கிறாய், சாயந்திரமும் குளிக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை மதியமும் குளித்துக்கொண்டே இருக்கிறாய். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

முந்தாநாள் மேஜையை எடுத்துவிட்டோம். உன்னிடம் சொல்லாமல் அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

உன்,
வாலு


ஆகஸ்ட் 23

என் வாலுக்குட்டிக்கு,

நீ எழுதியது எல்லாம் கிடைத்தது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ என்னிடம் கூசியதெல்லாம் ஒன்றுமே இல்லை. இதைப் படித்துவிட்டுச் சொல்.

உன் முதல் கடிதம் வந்த அன்று பல்செட் கைதவறி விழுந்தது அதிர்ச்சியால் இல்லை, சந்தோஷத்தால். நீ அங்கே நடுங்கிக்கொண்டிருந்தாய், நான் இங்கே சுவருக்கு நிறம் யோசித்தேன். டாக்டரிடம் போகாதே என்று எழுதினேனே, உனக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்றா எழுதினேன்? போனால் நீ தேறிவிடுவாய் என்று பயந்தேன். கூடப் பிறந்தவள் குணமாகக் கூடாது என்று ஒரு மனசு நினைக்குமா? என் மனசு நினைத்தது. ஜூலைக் கடிதத்தைப் படித்துவிட்டு நடு அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தான் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தார். அவரைத்தான், நான் குளித்துக்கொண்டிருப்பதாகப் போனில் உன்னிடம் சொல்ல வைத்தேன்.

வேலை முடித்த பல்செட்டுகளைக் கொடுக்கப் போவேனே, அந்த ஆஸ்பத்திரி மாடிப்படிக்கருகே ஒரு தாள் வெகுநாளாக ஒட்டியிருக்கிறது. பிறக்காமலும் பிறந்தும் போய்விட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கான சந்திப்பு, வெள்ளி சாயந்திரம். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போய்விடுவேன். இந்த முறை நின்று படித்தேன், உன் புத்தியால்.

போனேன். ஆனால் அங்கே நாற்காலி இல்லை, கதவும் சாத்தியிருந்தது. செருப்புகளுக்கு நடுவே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வெள்ளியும் அப்படியே. அந்த வாரம் செருப்பு மாட்டிக்கொள்ள ஓர் அம்மா வெளியே வந்தார். எப்படி வாய் வந்ததோ, "வாசல்ல ஒரு நாற்காலி போட்டு, கதவைத் திறந்து வைக்க முடியுமா?" என்றேன்.

"யாருக்குங்க?"

"எனக்குத்தான்" என்றேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. நாற்காலி போட்டிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. உட்கார்ந்து கேட்டேன். உள்ளே ஓர் ஆள், எனக்குத் தம்பி ஆகிற வயதுதான் இருக்கும், வாங்கி வைத்த சின்னச் செருப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றார். யாரும் எந்த யோசனையும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. நாற்காலியை எப்போது தூக்குவேன் என்று தெரியாது. உன்னைப் பாப்பா கூட்டிக்கொண்டு போன மாதிரி என்னைக் கூட்டிக்கொண்டு போக என் மடியில் யாரும் இல்லையே. நானாகத்தான் தூக்க வேண்டும்.

தொட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். பாப்பா அவள் அம்மாவோடு வருவாள், வந்தால் படுக்க வேண்டாமா? இடது பக்கம் சுவர் வருகிற மாதிரி திருப்பிப் போடச் சொன்னேன்.

பல் வெளியே வந்துவிட்டதா? ஊர்ப் பல்லெல்லாம் செய்கிறவளுக்கு உன் வீட்டுப் பல்லைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

இது கைக்கு வந்த அன்று சாயந்திரம் போன் செய். நான் குளித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

உன் அக்கா