நான்காவது குழி

செப்டம்பர் 19, 1955. மைனஸ் 2.

என் மனைவி ஹில்யா படுக்கையிலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்து, "மைனஸ் ரெண்டுப்பா. இன்னைக்கே ஆரம்பிச்சுடு" என்றாள். இருபத்தாறு வருடமாக இந்த வீட்டில் வெப்பமானியைப் பார்ப்பது அவள், நோட்டில் எழுதுவது நான்.

ஆரம்பிப்பது குழிகளை. அடுத்த மாதம் மண் இறுகிவிட்டால் ஜூன் வரை கடப்பாரை இறங்காது. அதனால் குளிர்காலத்தில் யார் யார் போவார்கள் என்று இப்போதே கணக்குப் போட்டுத் தோண்டி, பலகை போட்டு, மேலே தேவதாருக் கிளை பரப்பி வைக்க வேண்டும். கணக்குத் தப்பினால் பிணம் கோயில் கொட்டகையில் கோடைவரை காத்துக் கிடக்கும்.

"இந்த வருஷம் எத்தனை?" என்று பாதிரியார் கேட்டார். மூன்று என்றேன். "மூணுதானா?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டுப் போனார்.

செப்டம்பர் 23. பிளஸ் 1.

யால்மாரிக் கிழவருக்கு இன்று தோண்டினேன். எண்பத்து நாலு வயது, கல்யாணமே செய்துகொள்ளாத மீன்காரர். ஆறு வருடமாக அவருக்கென்று தோண்டுகிறேன், ஆறு வருடமாக மனுஷர் ஏமாற்றுகிறார். வழக்கம்போல வந்து கைத்தடியால் அளந்தார்.

"தலைமாட்டுல அரை அடி குறையுதேடா. செத்தும் முழங்காலை மடக்கிக்கிட்டுதான் படுக்கணுமா?"

"நீங்க முதல்ல சாகுங்க பெரியவரே, அப்புறம் பாக்கலாம்."

சிரித்துக்கொண்டே காப்பி குடித்தோம். ஒரே நாளில் வேலை முடிந்தது.

செப்டம்பர் 28. மைனஸ் 4.

ஹில்யா நேராகவே கேட்டுவிட்டாள். "என்னோடது அன்னி பக்கத்துலதானே?"

அன்னி எங்கள் மகள். பதினோரு நாள் இருந்தாள். 1934 பிப்ரவரியில் போனாள். கைக்குழந்தைக்கு யார் முன்கூட்டியே குழி தோண்டி வைப்பார்கள்? ஜூன் வரை கொட்டகையில்தான் இருந்தாள். ஹில்யா தினமும் போய் அந்தக் கொட்டகை வாசலில் பனியில் உட்கார்ந்திருப்பாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வருவேன்.

"என்னை அந்தக் கொட்டகையில மட்டும் போட்டுடாத ஏவர்த்தி. தோண்டிட்டியா?"

"தோண்டிட்டேன்."

பொய். அன்னி பக்கத்தில் ஒரு புல்கூடக் கலையவில்லை. மூன்று முறை மண்வெட்டியோடு போய் நின்றேன். மூன்று முறையும் திரும்பி வந்தேன். அவள் வயிற்றுக் கட்டிக்கு இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். தெரியும். எல்லாம் தெரியும். ஆனாலும் நானே தோண்டினால் நானே அனுப்பின மாதிரிதானே? எப்படித் தோண்டுவேன்? இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் தோண்டின கைதானே இது, இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு?

அக்டோபர் 24. மைனஸ் 15.

யாருக்கும் தெரியாமல் போய்க் கடப்பாரையைப் போட்டுப் பார்த்தேன். இறங்கவில்லை. இனி நினைத்தாலும் முடியாது.

டிசம்பர் 24. மைனஸ் 31.

தலைநகர் ஹெல்சிங்கியில் மழை என்று ரேடியோ சொன்னது. அது ஏதோ வேறு நாடு போல.

பண்டிகைக் கஞ்சியில் போடும் ஒற்றைப் பாதாமை அவள் கிண்ணத்துக்கே வருகிற மாதிரி போட்டுவிட்டேன். கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம். "திருட்டுப் பய" என்று சிரித்தாள். இரண்டு கரண்டிதான் உள்ளே போயிற்று.

பிறகு கேட்டாள்: "குழி மேல பலகை நல்லா மூடியிருக்கா? பனி உள்ள போயிடப் போகுது."

மூடியிருக்கு என்றேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஜனவரி 17, 1956.

ஹில்யா போய்விட்டாள்.

ஜனவரி 18. மைனஸ் 39. நானே போய்ப் பார்த்து எழுதுகிறேன்.

பெண்கள் வந்து கழுவி, வெள்ளைத் துணி உடுத்தி, நெருப்பு மூட்டாத சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில், கிடத்திவிட்டுப் போனார்கள். பாதிரியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கொட்டகையில வைப்போம் ஏவர்த்தி. ஜூன்ல அன்னி பக்கத்துலயே அடக்கம் பண்ணலாம்" என்றார். முடியாது என்றேன். அன்னி பக்கத்தில் விறகை அடுக்கித் தீ வைத்திருக்கிறேன். மண் இளகட்டும்.

ஜனவரி 19. மைனஸ் 41.

நாள் முழுக்க எரித்தேன். ஒரு சாண் இறங்கியது.

ஜனவரி 21. மைனஸ் 40.

ஒரு முழம். அதற்குக் கீழே பாறை. கடப்பாரை தெறித்துக் கை கிழிந்தது. அங்கேயே உட்கார்ந்து கத்தி அழுதேன்.

யால்மாரி சறுக்குவண்டியில் விறகு இழுத்துக்கொண்டு வந்தார். விறகை இறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போதும்டா. என் குழியில அவளை வையி."

"அன்னி பக்கத்துல வேணும்னு கேட்டாளே."

"கேட்டாதான். கொட்டகை வேண்டாம்னும் கேட்டாள்ல?"

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீ தோண்டலன்னு அவளுக்குத் தெரியும். டிசம்பர் ஆரம்பத்துலயே என்கிட்ட கேட்டா. மூணு குழி மேலதான் பலகை இருக்குன்னு சொல்லிட்டேன். அப்பவே என் குழியைக் கேட்டு வாங்கிட்டா."

"ஏன் முதல்லயே சொல்லல?"

"அவதான் சொல்லாதன்னா. ரெண்டு மூணு நாள் அவன் போராடட்டும், இல்லன்னா அவன் மனசு ஆறாதுன்னா."

தெரிந்துகொண்டேதான் பலகையைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். என் பொய்யை எனக்காகவே காப்பாற்றி வைத்திருந்தாள். பாவி, ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே.

"சரி, நீங்க எங்க போவீங்க?" என்று கேட்டேன்.

"ஜூன் வரைக்கும் சாகாம இருக்கணும், அவ்வளவுதானே? எனக்கு வேற என்ன வேலை இருக்கு."

ஜனவரி 22. மைனஸ் 37.

அடக்கம் முடிந்தது. அந்தக் குழி அவளுக்கு அளவாக இருந்தது.

மார்ச் 3. மைனஸ் 19.

யால்மாரி தினமும் காலையில் வந்து கதவைத் தட்டுகிறார். "இன்னும் இருக்கேன்" என்கிறார். காப்பி ஊற்றுகிறேன்.

ஜூன் 14. பிளஸ் 11.

பாதிரியார் சம்மதித்தார். அன்னியின் குழியைத் திறந்தேன். இருபத்திரண்டு வருடம் ஆகியும் குளிர் அந்தச் சின்னப் பெட்டியை அப்படியே வைத்திருந்தது. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனேன். எடையே இல்லை. ஹில்யா பக்கத்தில் வைத்து மூடினேன். அங்கே கீழே பாறை, கேட்டபடி அவளை அங்கே கொண்டுபோக முடியவில்லை. பிள்ளையை இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

யால்மாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். திரும்பும்போது, "என் கெடு முடிஞ்சுது. இனிமே எப்ப வேணா போகலாம்" என்றார்.

செப்டம்பர் 20. மைனஸ் 1.

யால்மாரி ஒரு மாதமாக என் வீட்டில், ஹில்யாவின் கட்டிலில் இருக்கிறார். எழுந்து நடக்க முடியவில்லை. இருமல். வெப்பமானியைத் தினமும் தப்பாகப் படிக்கிறார். நான் அதையே எழுதிவிட்டு அப்புறம் திருத்துகிறேன்.

"தோண்டிட்டியா?" என்று காலையில் கேட்டார். இனி எனக்கென்று இருப்பவர் இவர் ஒருவர்தான். கை அன்றைக்கு மாதிரியே நின்றது. கல்லறைத் தோட்டத்து வாசல்வரை போய்த் திரும்பினேன். மறுபடியும் போனேன்.

சாயங்காலம் வந்து, "தோண்டிட்டேன்" என்றேன். ஹில்யா வரிசையில், ஏரி தெரிகிற இடம். தலைமாட்டில் அரை அடி கூட்டியிருக்கிறேன்.