காலண்டரின் முன்படம்

என் வீட்டுக்காரருக்கு,

போனில் பேசப் பயமாக இருக்கிறது. பழவேற்காட்டில் நீங்கள் எடுத்த படங்கள் பிரஸ்ஸுக்கு வந்துவிட்டன. இடிந்த மண்டபத்தில் முதுகு காட்டி ஒருத்தி நிற்கிறாளே, ஒருக்களித்துச் சாய்ந்த அந்த வாகு எனக்குத் தெரியாதா? வீட்டை விட்டுப் போனவள் எங்கே என்று தெரியாதென என்னிடமே சாதித்தீர்கள்.

உங்கள் அண்ணன் இன்னும் ஆத்திரம் தணியாமல் அவளை ஆள் விட்டுத் தேடுகிறார். புரூஃபைப் பார்த்தவர், "அம்புட்டு அழகா இருக்கு, இதையே காலண்டருக்கு முன்படமாப் போட்ருவோம்" என்றார்.

வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பார். படத்துக்குக் கீழே ஊர்ப்பெயர் போடுவது நம் பிரஸ் வழக்கமாயிற்றே! நீங்கள் தரங்கம்பாடிக்கும் போனது நல்லதாயிற்று. அந்தப் பெயரையே போட்டுவிட்டேன். அச்சு ஓடுகிறது.

இனி அவளை எடுத்தால் முகம் தெரிய எடுங்கள். பிரஸ்ஸுக்கு அனுப்பாதீர்கள், எனக்கு மட்டும்.

அவளைப் பெற்றவள்