முகத்துவாரத்தில் வைத்த பானை

ஊரில் அத்தனை பேருக்கும் முதுகை மட்டுமே காட்டி ஓடிய என் அந்தோணி அண்ணனுக்கு,

சேவியரைப் பிடித்துவிட்டேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். இதை முதலில் சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டிவிடும்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் நாலு பேர் காதில் விழட்டும் என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். காத்திவாக்கத்தில் மாதா கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஓட்டப்பந்தயம். கோயில் வாசலில் கிளம்பி, கடலோரத்து மணல்மேடுகளில் ஏறி இறங்கி, முகத்துவாரம்வரை போய், உப்பங்கழிக் கரையோரமாகத் திரும்பி வர வேண்டும். மணல்மேடு ஏறுவது லேசுப்பட்ட காரியமா? ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கும். நீ மட்டும் குதிகால் தரையில் படாமல் நண்டு மாதிரி விறுவிறுவென்று ஏறிவிடுவாய்.

முகத்துவாரத்தில் ஒரு பானை இருக்கும். மரப்பட்டையை வேகவைத்து வலைக்கு ஏற்றுகிற பழுப்புச் சாயம் அதில். ஓடி வருகிறவன் வலது கையை முக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். கையில் சாயம் இருந்தால் முழுச் சுற்றும் ஓடினான் என்று அர்த்தம். பானைக்குக் காவல் கிடையாது. திருவிழா அன்றைக்குக் கோயிலை விட்டுவிட்டு எவன் அங்கே போய் வெயிலில் நிற்பான்? அதே சாயம் ஊரில் வீட்டுக்கு வீடு கொதிக்கிறதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மாதா பேரில் நடக்கிற ஓட்டத்தில் யார் ஏமாற்றுவார்கள் என்று இருந்துவிட்டோம்.

நீ கடைசியாக ஓடிய அந்த வருஷம் பந்தயம் பார்க்கத் திருவொற்றியூரிலிருந்து தொழிற்சாலைக்காரர்கள் வந்திருந்தார்கள். ஜெயிக்கிறவனுக்கு அவர்களுடைய ஓட்டக் குழுவில் இடம், கூடவே நிரந்தர வேலை. வேலைக்குப் போட்டுப் போக அப்பா உனக்குச் சட்டைகூடத் தைத்து வைத்துவிட்டார். பானையில் முதலில் கை வைத்தது நீ. திரும்பும் வழியில் உன்னை ஒருத்தரும் தாண்டவில்லை. கோயில் வாசலுக்கு வந்து பார்த்தால், உன்னோடு ஓடக் கிளம்பிய சேவியர் அங்கே மாலையும் கழுத்துமாக நிற்கிறான்!

நடுவிலிருக்கும் சவுக்குத் தோப்பில் புகுந்து குறுக்கே வந்திருக்கிறான். சாயத்தைக் கொட்டாங்கச்சியில் ஊற்றித் தோப்புக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறான். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் யார் எங்கே போனார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"அவன் கையப் பாருங்கபா, சாயம் காஞ்சி கீது! என் கையில இன்னும் சொட்டிகினு கீது!" என்று கத்தினாய். யார் கேட்டார்கள்? விழாக் கமிட்டிக்காரர் மைக்கைப் பிடித்தார். "தோத்தா தோத்தேன்னு ஒத்துக்கணும்பா. மாதா வாசல்ல நின்னுகினு பொய் சொல்லாத." ஒலிபெருக்கி அதைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவன் தொழிற்சாலைக்குப் போனான். நீ ஊரில் தலைகாட்ட முடியாமல் பட்டணத்தில் கல்மண்டபம் பக்கம் ஓர் அறை பிடித்து, துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனாய். கயிறு அறுந்து மூட்டைகள் உன்மேல் விழுந்தன. உன்னைக் கொண்டுவந்து கிடத்தியபோதுகூட ஒருத்தி கிசுகிசுத்தாள்: "பொறாம புடிச்ச புள்ள, பாவம்." அந்தப் 'பாவம்'தான் எனக்குத் தாங்கவில்லை, அண்ணே. அழுகை அங்கேயே நின்றுவிட்டது.

இந்த வருஷம் பானை வைக்கும் முறையை நான் கேட்டு வாங்கினேன். அண்ணன் நினைவாகச் செய்கிறாள் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நான் மரப்பட்டையைத் தொடவே இல்லை. ஆலம் சுற்றக் கரைப்பதுபோல மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, செக்கச்செவேலென்று பானை நிறைய ஊற்றி முகத்துவாரத்தில் வைத்துவிட்டு வந்தேன். அம்மாவிடம்கூட மூச்சுவிடவில்லை.

சேவியர்தான் முதலில் வந்தான். தொழிற்சாலை பனியனைப் போட்டுக்கொண்டு, பழுப்புக் கையை ஊருக்கே தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தான். நான் முன்வரிசையில் நின்று கைதட்டினேன். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அத்தனை பேர் கையும் சிவப்பு. கூட்டம் முதலில் சிரித்தது, அப்புறம் சிரிப்பு அடங்கிவிட்டது. "இன்னாடா சேவியரு, உன் கை மட்டும் வேற கலர்ல கீது?" என்றார் அதே கமிட்டிக்காரர். அவன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அதுதான் பொய்.

ஆனால் அத்தோடு முடியவில்லை. "இப்ப ஏமாத்தினான், சரி. அப்பவும் ஏமாத்தினான்னு யாரு கண்டா?" என்று ஊரில் பேச்சு. எப்படி இருக்கிறது கதை?

மறுநாள் சேவியரின் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பவும் அவந்தாம்மா தப்பு பண்ணான். உங்க அண்ணன் கல்லறைல வந்து மன்னிப்பு கேட்டுக்குவான். யாரும் இல்லாதப்போ வரட்டும்மா. ஊருக்குத் தெரிஞ்சா வேல பூடும்."

"எங்க அண்ணன பொய்யன்னு சொன்னது மைக்குல, பெரீம்மா. இதையும் மைக்குலயே சொல்லட்டும். கல்லறைத் திருநாளைக்கு ஊரே வரும், அன்னிக்கு வரச்சொல்லு" என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள். நான் கூப்பிடவில்லை.

பங்குச் சாமியார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "மனசுல வஞ்சத்தை வச்சிக்கிட்டு பூசையில நன்மை வாங்கலாமா ஸ்டெல்லா?" என்று கேட்டார். "அப்ப வாங்கல சாமி" என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து பூசையில் கடைசி வரிசைதான். எல்லோரும் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகும்போது நான் உட்கார்ந்தே இருக்கிறேன். அம்மா திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.

உன்னை எனக்குத் தெரியாதா? அவன் வந்து நின்று ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் போதும், "வுட்ரா மாமு" என்று தோளில் கை போட்டுவிடுவாய். சரி, நீ மன்னித்துக்கொள். செத்தவர்களுக்கு அது சுலபம். நான் அவனோடு ஒரே ஊரில் உயிரோடு இருக்கிறேனே, அண்ணே.

கல்லறைத் திருநாளன்று அவனை உன் முன்னால் நிறுத்தி, ஊர் கேட்கச் சொல்லவைப்பேன். இது என் வாக்கு. சொல்லி முடித்துவிட்டு அவன் என் பக்கம் திரும்பினால், என் முகத்தில் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. இதுவும் என் வாக்குத்தான்.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா