தோன்றா எழுவாய்

மார்ச் 2, செவ்வாய்

பள்ளத்தாக்கு வழிகாட்டியின் ஏழாம் பதிப்பு, மெய்ப்புக்காக இன்று என் மேசைக்கு வந்தது. முதல் ஆறு பதிப்புகளையும் நான்தான் திருத்தினேன். பத்தொன்பது வருடம். எந்தப் பார்வைமுனையில் எத்தனை மணிக்கு வெயில் விழும், ஆற்றங்கரைக்கு எத்தனை படி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். போனதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'கர்ப்பகாலப் பராமரிப்பு' நூலையும் நான்தான் திருத்தினேன். அதற்கும் யாரும் முன் அனுபவம் கேட்கவில்லை.

மாலையில் தம்பியிடமிருந்து கைபேசியில் செய்தி:

"அக்கா 14 ஞாயிறு பள்ளத்தாக்கு போறோம். காலைல 6 மணிக்கு வீட்டுக்கு வந்துடு."

பல் மருத்துவன். வாயைத் திறக்கச் சொல்வதே தொழில், தன் வாயைத் திறக்க மாட்டான். இந்த வருடம் அவனிடமிருந்து வந்தவற்றில் இதுதான் நீளமானது. நான்கு முறை படித்தேன். பிழை பார்க்கத்தான்.

உடனே பதில் போட்டால் காத்திருந்தது போல் ஆகிவிடும். கால் மணி நேரம் கழித்து "சரி" என்று போட்டேன்.

மார்ச் 3

ஷூ வாங்க வேண்டும்.

மார்ச் 5, வெள்ளி

கடைக்காரர் கேட்டார்: "நடக்கறதுக்காம்மா, ஓடறதுக்கா?"

"இறங்கறதுக்கு."

அவர் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "இறங்கறதுக்குன்னு தனியா வரதில்லம்மா. ஏறுறதுக்கு இருக்கு. அதையே போட்டுட்டு இறங்கிக்கலாம்."

வாழ்க்கைக்கும் இப்படி ஒரு விற்பனையாளர் இருந்திருக்கலாம். சாம்பல் நிறம், ஏழாம் அளவு. வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் போட்டு நடந்தேன். கீழ்வீட்டம்மா மேலே வந்து, "யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

மார்ச் 7, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேசுவது கிடையாது. விரதம் ஒன்றுமில்லை, ஆளில்லை. திங்கள் காலை பஸ் கண்டக்டரிடம் இடம் சொல்லும்போதுதான் குரல் இருக்கிறதா என்பதே தெரியவரும்.

இன்று பேசினேன். அட்டவணை போட்டேன், பிறகு அதை வாய்விட்டுப் படித்தேன். '6.10க்கு நாம் புறப்படுவோம். 8.40க்கு நாம் முதல் பார்வைமுனையில் இருப்போம். 11 மணிக்கு மேல்தான் வெயில் அடிவரை இறங்கும். அதுவரை நாம் மேலேயே இருப்பது நல்லது. பிறகு நாம் ஆற்றங்கரைக்கு இறங்குவோம் – 214 படிகள்.' இப்படி ஒரு முழுத் தாள். கடைசியில், 'ஐந்து பேருக்கு ஏழு லிட்டர் தண்ணீர்.'

தம்பி, அவன் மனைவி, பெரியவள், சின்னவன், நான். காரிலும் ஐந்து இடம். இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

மார்ச் 9, செவ்வாய்

மதியச் சாப்பாட்டில் அச்சகத்து பைண்டர் எதிரே உட்கார்ந்தார். பத்தொன்பது வருடமாக எதிரேதான் உட்காருகிறார்.

"என்னம்மா, இன்னிக்குப் பல்லெல்லாம் தெரியுது?"

"ஞாயித்துக்கிழமை பள்ளத்தாக்குக்குப் போறோம்."

"யார் யாரு?"

"நாங்க."

'நாம' என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுவார். 'நாங்க' என்றால் அவர் வாசலோடு சரி. பாவம், பைண்டரை வாசலில் நிறுத்திவிட்டேன். நானும் ஒரு 'நாங்க'வுக்குள் இருந்துகொண்டு கதவைச் சாத்துவது இவ்வளவு சுகமானது என்று தெரியாமல் போயிற்றே.

மார்ச் 11, வியாழன்

தம்பி மனைவி பேசினாள்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை மறக்கலையே?"

"மறப்பேனா?"

"உங்க சாப்பாட்டை நான் எடுத்து வச்சிடறேன். நீங்க ஒண்ணும் தூக்கிட்டு வராதீங்க."

"முட்டை மட்டும் அவிச்சு எடுத்துட்டு வரேனே."

"எதுக்கு அண்ணி? ஒருத்தருக்கு எவ்வளவு வேணும்?"

ஒருத்தருக்கு? ஆளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டுகிறாள் போலிருக்கிறது. மேனேஜரை விசாரித்தேன். மேனேஜர் அவர்கள் வீட்டு நாய். பதின்மூன்று வயது. யார் வந்தாலும் எழுந்திருக்காமல் கண்ணாலேயே விசாரிப்பதால் அந்தப் பெயர்.

"ஊசியில ஓடுது அண்ணி. சர்க்கரை இறங்கவே மாட்டேங்குது."

அன்றைக்கு அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 14, ஞாயிறு, காலை 9.20

தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஐந்து ஐம்பதுக்கே வந்துவிட்டேன். தொப்பி, ஷூ, கையில் தாள். காரின் பின் இருக்கையில் பெரியவள் ஒரு பக்கம், சின்னவன் ஒரு பக்கம், நடுவில் ஒரு பெரிய ஐஸ் பெட்டி. அதை டிக்கியில் வைத்தால் நான் உட்காரலாமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி என் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தாள்.

"அண்ணி, ஒம்பது மணிக்கு ஊசி. சாப்பிட்ட அப்புறந்தான் போடணும். ராத்திரி ஊசிக்குள்ள நாங்க வந்துடுவோம். ஃபிரிட்ஜுல மேல்தட்டு உங்களுது, கீழ்த்தட்டு மேனேஜருது. மாத்திடாதீங்க."

ஒரு பக்கம் முழுக்க எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டு வாக்கியம் என்ன சொல்கிறது என்பதையே படிக்காமல் விட்டது போல் இருந்தது.

தம்பி என் காலைப் பார்த்தான். "என்னக்கா, புது ஷூவெல்லாம்?"

"மேனேஜரை நடக்கக் கூட்டிட்டுப் போகணுமே."

"அவன் வாசல் கேட்டு வரைக்குந்தான் வருவான்."

"எனக்கும் அவ்வளவுதான் முடியும்."

தாளை மறுபடி பைக்குள் வைக்கப் போனால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. கார் ஜன்னலுக்குள் நீட்டினேன். "நேரமெல்லாம் குறிச்சிருக்கேன். வச்சுக்கோ."

போய்விட்டார்கள். ஊசி போட்டாயிற்று. மேனேஜர் அசையவில்லை.

யார் மேலும் தப்பில்லை. 'பள்ளத்தாக்கு போறோம்.' இலக்கணப்படி குற்றமில்லாத வாக்கியம். பயனிலை இருக்கிறது, எழுவாய் வெளியே தெரியவில்லை. தோன்றா எழுவாய் என்று பள்ளியிலேயே படித்ததுதான். நாங்கள் போகிறோம், நாம் போகிறோம், இரண்டுக்கும் ஒரே 'போறோம்'. ஊரார் வாக்கியத்திலெல்லாம் எழுவாய் எங்கே எங்கே என்று கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள், சொந்தத் தம்பி வாக்கியத்தில் கேட்கவில்லை. இடம் காலியாகத் தெரிந்தது, போய் உட்கார்ந்துகொண்டேன்.

11.15

ஐயோ, அந்தத் தாள்.

வரிக்கு வரி 'நாம்'. ஐந்து பேருக்குத் தண்ணீர். கடவுளே, அதைப் படித்தால் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே. எனக்கு ஏன் தோணல? ஒருதடவை, ஒரே ஒருதடவை திருப்பிப் பார்த்திருந்தா என்ன? ஆயிரம் பேர் எழுதினதைப் பார்க்கத் தெரியுது. தன் முதுகு தனக்குத் தெரியாதுங்கறது சரிதான்.

இந்நேரம் வெயில் அடிவரை இறங்கியிருக்கும். அவன் தாளைக் கையில் எடுத்திருப்பான்.

படிக்க மாட்டான். நேரத்தை மட்டும் பார்ப்பான். அவன் எதையும் முழுசாப் படிச்சதில்லை.

1.00

மேல்தட்டில் இருந்ததைச் சாப்பிட்டேன். ரொட்டி, வேகவைத்த காய், ஒரு ஆரஞ்சு. மேனேஜர் என் ஷூவை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே தலையை வைத்துப் படுத்துவிட்டான். ஒரு மணி நேரமாகக் காலை நகர்த்தவில்லை. வேறு எங்கே போகப் போகிறேன்?

இரவு, என் வீட்டில்

ஏழு மணிக்குத் திரும்பி வந்தார்கள், ஆளுக்கொரு தக்காளி நிறத்தில்.

"அண்ணி, நீங்க எழுதின நேரம் ஒரு நிமிஷம் தப்பல. முன்னாடியே போயிருக்கீங்களா?"

"ஆறு தடவை" என்றேன். பதிப்புக் கணக்கில் பொய்யில்லை.

தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளையும் திருப்பிக் கொடுக்கவில்லை. வழக்கமாக பஸ் ஸ்டாப்வரை வந்து கையசைப்பவன், இன்று காரிலேயே கொண்டுவந்து விட்டான். இறங்கும்போது, "அக்கா" என்றான்.

"ம்?"

"ஒண்ணுமில்ல. ஷூ கடிக்குதா?"

"இல்லடா."

மார்ச் 16

பைண்டர்: "எப்படிம்மா இருந்துச்சு பள்ளத்தாக்கு?"

"ஆழம்."

மார்ச் 18

ஷூவைப் பெட்டிக்குள் வைத்தேன். ரசீது ஏழு நாளைக்குத்தான் செல்லுமாம்.

மார்ச் 21, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அழைப்பு மணி. தம்பி. தனியாக. இந்த வீட்டுக்கு அவன் வந்து ஒன்றரை வருடம் இருக்கும். எந்த நாற்காலி ஆடும் என்பதை மறந்து அதிலேயே உட்கார்ந்தான்.

சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தான். நான்காக மடிந்து, ஓரத்தில் தண்ணீர் பட்டிருந்தது. ஒவ்வொரு 'நாம்' மேலும் பேனாவால் ஒரு வட்டம். மெய்ப்பில் நாங்கள் வட்டம் போட்டால் 'இது சரிதானா?' என்று அர்த்தம். அவன் என்ன அர்த்தத்தில் போட்டான் என்று கேட்கவில்லை. '214' மட்டும் அடிக்கப்பட்டு, மருந்துச் சீட்டுக் கையெழுத்தில் '241' என்றிருந்தது.

"படி தப்புக்கா. இருநூத்தி நாப்பத்தொண்ணு."

"ஆறு பதிப்பிலயும் இருநூத்திப் பதினாலுதான்டா."

"பதிப்பு கிடக்கட்டும். நான் எண்ணினேன்."

"நீ பல்லையே முப்பத்திமூணுன்னு எண்ணினவன்தானே. காலேஜுல, முதல் வருஷம்."

"அந்தாளுக்கு நெஜமாவே முப்பத்திமூணு." சிரிக்கவில்லை. தாளின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தான். "நம்பலன்னா நேர்ல வந்து எண்ணு. இருபத்தெட்டாம் தேதி போறோம்."

பத்தொன்பது வருடப் பழக்கம் இந்தமுறை கைவிடவில்லை.

"யாரு?"

அவன் ஜன்னலைப் பார்த்தான், ஆடும் நாற்காலியின் காலைப் பார்த்தான், கதவோரம் இருந்த ஷூப் பெட்டியைப் பார்த்தான்.

"நாம" என்றான். "நீயும் நானும். பசங்களுக்குப் பரீட்சை. ஊசிக்கு அவ இருக்கா."

மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்திருக்கும். முட்டை அவித்துக் கொடுத்தேன். மூன்று சாப்பிட்டான்.

மார்ச் 28, ஞாயிறு

இருநூற்று நாற்பத்தொன்றுதான். ஆறு பதிப்புகளாக எண்கள் இடம் மாறிக் கிடந்திருக்கின்றன. நாளைக்கு முதல் வேலையாக ஏழாம் பதிப்பில் திருத்த வேண்டும். ஆதாரம் கேட்டால் முழங்காலைக் காட்டலாம்.

இது இறங்கும்போது எண்ணியது. ஏறும்போதும் எண்ணி ஒப்பிட்டிருக்க வேண்டும், அதுதான் முறை. எண்ணவில்லை. பேசிக்கொண்டே வந்துவிட்டோம்.