பின்னுக்குப் போகாத ஓட்டோ

2024 யூன் 13, வியாழன்

கிளச்சைப் பிடித்தால் ஓட்டோ கத்துகிறது. முதலில் எலி மாதிரிக் கத்தியது, இப்போது மயில் மாதிரி. சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டையோடு ஏறின மனிசி, "தங்கச்சி, உதுக்கு வயித்துக்குள்ளை ஏதோ செய்யுது" என்றா.

"பசிக்குதாக்கும் அக்கா" என்றேன். மனிசி சிரிக்கவில்லை.

றிவேர்சும் விழுவதில்லை. லீவரை இழுத்தால் பாதியில் நிற்கிறது. பின்னுக்குப் போக வேண்டுமென்றால் இறங்கித் தள்ளுகிறேன். மூன்று சில்லுத்தானே, சொல்வழி கேட்கும்.

யூன் 17, திங்கள்

சிவகௌரிக்கு ஆவணியில் கலியாணம். என் கூடப்பிறந்த தில்லைநாதன் அண்ணையின் ஒரே மகள். நான் அவளுக்கு ஒரே மாமி. எனக்கு இதைச் சொன்னது பால்காரன்.

எங்கள் ஒடுங்கின ஒழுங்கை அண்ணையின் வீட்டோடு முடிகிறது. அதற்கு முந்தின வீடு என்னுடையது. ஒழுங்கை முழுக்கக் கலியாணம் சொல்லியாகிவிட்டது. என் வாசல் படலையை மட்டும் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

எல்லாம் வேலிச் சண்டை. போன வருசம் வேலி அடைக்கும்போது கதியால் தடிகளை என் பக்கம் தள்ளி நட்டது அண்ணை. நான்தான் தள்ளினேன் என்று அவர் சொல்லித் திரிகிறார். இந்த ஒழுங்கையில் ஒரு காலத்தில் இரண்டு மாட்டுவண்டில் விலத்திப் போகுமாம். வேலி அடைக்க அடைக்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு சாண் ஒழுங்கைக்குள் வந்தார்கள். எல்லோருக்கும் காணி கூடியது. இப்போது ஒரு வாகனம் வந்தால் எதிரே நாய்கூட யோசித்துத்தான் வரும். எல்லோரும் கோயிலுக்குப் போகிற ஆட்கள்தான் — எங்கேயோ போய்விட்டேன்.

கேள்விப்பட்டுப் போகலாமா? எப்படிப் போகிறது? புருசனும் பெண்சாதியுமாய் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். தெருவில் வைத்துக் கார்ட்டை நீட்டினால் அது சொன்னதாகாது.

யூன் 20, வியாழன்

கொக்குவிலில் ஐசாக் தம்பியின் கராச்சுக்குப் போனேன்.

"அக்கா, கிளச்சைப் பிடிக்கேக்கை சத்தமோ, விடேக்கையோ?"

"பிடிக்கேக்கைதான். விட்டால் வாயை மூடியிடும்."

"அப்ப பெயாரிங்."

கழற்றிக் கையில் தந்தான். உருட்டிப் பார்த்தேன், மண்ணரைக்கிற மாதிரி இருந்தது. புதிது போட்டான். சத்தம் போய்விட்டது. றிவேர்ஸையும் பார்க்கச் சொன்னேன்.

"அதுக்கு அடியைக் கழட்டோணும். பிறகொரு நாள் கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் முன்னுக்கே போங்கோ."

நல்ல புத்திமதி.

யூன் 21, வெள்ளி

இன்றைக்குத்தான் விளங்கியது. இவ்வளவு நாளும் அண்ணை என் ஓட்டோவின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, நான் வீட்டுக்குள் போய் முடியும்வரை காரை வெளியே எடுக்காமல் இருந்திருக்கிறார். இன்று சத்தம் இல்லை. ஒழுங்கையின் நடுவில் மூக்கும் மூக்குமாய் வந்து நின்றோம். அவருடைய பழைய ஒஸ்ரின் காருக்குள் சிவகௌரியும் இருந்தாள்.

கோர்ன் அடித்தார். நானும் அடித்தேன். இறங்கித் தள்ளலாம்தான். அண்ணைக்கு முன்னால் தள்ளுவேனா?

கடைசியில் அவர்தான் பின்னுக்கு எடுத்தார். அவருக்குக் கழுத்துப் பிடிப்பு, திரும்பிப் பார்க்க முடியாது. சிவகௌரி தலையை வெளியே நீட்டி வழி சொன்னாள். "வலப்பக்கம் அப்பா... இன்னும்... அப்பா, அது வேலி."

அவருடைய வேலிதான். இரண்டு கதியால் சாய்ந்தது.

"பின்னுக்கு எடுக்கத் தெரியாததுகள் எல்லாம் ஓட்டோ ஓட வெளிக்கிட்டுதுகள்" என்று வேலிக்குச் சொன்னார்.

"கழுத்துத் திருப்பேலாத ஆக்கள் கார் ஓடலாமெண்டால் நானும் ஓடலாம்" என்று நான் கண்ணாடிக்குச் சொன்னேன்.

சிவகௌரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு 'மாமி' என்று வாயெடுத்தாள். அண்ணை பார்த்தார், மூடிவிட்டாள். ஏன் அண்ணை? வேலிக்குச் சண்டை பிடிச்சது நானும் நீயும். அந்தப் பிள்ளை என்ன செய்தவள்? அவளை இந்தக் கையாலை எத்தினை நாள் தூக்கித் திரிஞ்சனான்.

யூன் 25, செவ்வாய்

திரும்பவும் அதே இடம். இன்று நேரே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உதுக்கு என்ன வருத்தம்?"

"றிவேர்ஸ் இல்லை."

"இல்லையோ, போடமாட்டியோ?"

"இல்லை."

"சின்னனிலையும் உனக்கு அது இல்லை" என்றுவிட்டுக் காரைப் பின்னுக்கு எடுத்தார்.

கோபம் வர வேண்டும். வீடு வரும்வரை சிரித்துக்கொண்டு வந்தேன்.

யூலை 2, செவ்வாய்

ஐசாக் அடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, உதுக்குள்ளை என்ன வைச்சிருக்கிறியள்?" என்றான்.

றிவேர்ஸ் லீவர் நிற்கிற இடத்தில் ஒரு பொந்து இருக்கிறது. எந்தக் கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போனாலும் திருநீறும் சந்தனமும் வாங்கி, கால் படாத இடமென்று அதற்குள்தான் வைப்பேன். எல்லாம் உள்ளே இறங்கி, மழைத்தண்ணியில் ஊறி, சீமெந்து மாதிரி இறுகியிருந்தது.

"உங்கடை சாமிமார் எல்லாரும் சேர்ந்து பிடிச்சு வைச்சிருக்கினம். நான் வேதக்காரன், உடைச்சால் என்னோடை கோவிப்பினமோ?"

"உடை. நான் கதைச்சுக் கொள்ளுறன்."

உடைத்ததை ஒரு பையில் தரச் சொல்லி வாங்கி வந்து, செவ்வரத்தைப் பூச்செடிக்கடியில் போட்டேன். றிவேர்ஸ் இப்போது சுண்டுவிரலுக்கு விழுகிறது.

யூலை 3, புதன்

ஒருவருக்கும் சொல்லவில்லை.

யூலை 5, வெள்ளி

"இண்டைக்கும் இல்லையோ?" என்றார்.

"இண்டைக்கும் இல்லை" என்றேன். முருகா. றிவேர்ஸ் இருக்கிறதென்று தெரிந்தால் பிறகு ஏன் என்னோடு கதைக்கப்போகிறார்?

கழுத்துக்கு என்ன எண்ணெய் பூசுகிறார் என்று கேட்டேன். எண்ணெயின் பெயரைச் சொல்லிவிட்டு, அது சரியில்லை என்றும் சொன்னார்.

யூலை 12, வெள்ளி

காலையில் ஓட்டோவை வெளியே எடுத்து றோட்டுப் பக்கம் கொஞ்சத் தூரம் போயிருப்பேன். எதிரே, கோயிலுக்குப் போய்த் திரும்பி வருகிற ஒஸ்ரின் கார். அண்ணை பட்டு வேட்டியோடு. பக்கத்தில் அவருடைய பெண்சாதி, என் மச்சாள், பட்டுச் சேலையோடு, மடியில் தட்டம், தட்டத்தில் வெற்றிலையும் கார்ட்டும். யாருக்குச் சொல்லப் போகிறார்கள்? எனக்குப் பின்னால் இருக்கிறது இரண்டு வீடு. ஒன்று அவர்களுடையது.

ஓட்டோவை நிறுத்தினேன்.

"வழியை மறிச்சுக்கொண்டு நிண்டால் உன்ரை வீட்டை எப்பிடி வாறது?" என்றார் அண்ணை. "இறங்கு. நான் பிடிச்சுத் தள்ளிவிடுறன்." பட்டு வேட்டியை மடித்துக் கட்டத் தொடங்கினார்.

நான் இறங்கவில்லை. கை தானாக லீவருக்குப் போனது. ஒரு கதியாலிலும் முட்டாமல், நேரே என் படலைவரைக்கும் பின்னுக்கு எடுத்தேன்.

அண்ணை பின்தொடர்ந்து வந்து காரை நிறுத்தி இறங்கினார். ஓட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எப்ப தொடக்கம்?"

"இப்பத்தான் அண்ணை."

"பொய்."

"உள்ளுக்கை போய்ச் சண்டை பிடியுங்கோ" என்றா மச்சாள். "நல்ல நேரம் போகுது."

தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்கள். வேலியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

தட்டத்திலிருந்த சந்தனத்தை நெற்றியில் வைத்தேன். மிச்சத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் ஓட்டோவரைக்கும் போனேன். பொந்தைப் பார்த்தேன். திரும்பி வந்து சாமித் தட்டில் வைத்தேன்.