பூக்குழிக்குப் பேர் கொடுத்த கால்

ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்தும் செல்வராணி நகரவில்லை. கணவர் சுகுமாறனின் சட்டைப்பையில், தீமிதிக்குப் பெயர் கொடுத்த கோயில் ரசீது கிடைத்திருந்தது. அதன் பின்பக்கத்திலேயே ஆத்திரத்தோடு எழுதினாள்:

"ரூபினி அப்பா, ரசம் அடுப்புல இருக்கு. கால் புண்ணைக் கழுவி, விரல் இடுக்குல ஈரமில்லாம துடைங்க. வெறுங்காலோட வெளிய போகாதீங்க. மாத்திரைய மிச்சம் வைக்காதீங்க. நர்ஸ் மூணு தடவ சொன்னப்ப மண்டைய மண்டைய ஆட்டுனீங்களே! அந்தப் புண்ணுக் கிருமிதான ரத்தத்துல ஏறி, ஒன்பது நாள் ஐசியுல கிடந்தீங்க? பொழச்சதுக்கு நேர்த்திக்கடனா, அதே காலோட பூக்குழியா?"

இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"காய்ச்சல், நடுக்கம் வந்தா உடனே எமர்ஜென்சிக்குப் போங்க. ஐசியு வாசல்ல அழுது, அம்மன்கிட்ட உங்க காலைக் கேட்டு வாங்குனது நான். அதைத் தீயில வைக்க நீங்க யாரு?"